போய் வருபவர்

பெருமதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி
வெட்டினேன்.
அறங்காவலர் குழுவினருக்கு என்று எழுதி
அதையும் வெட்டினேன்.
அப்பியாசக் கொப்பியில் நடுத்தாள் இன்னும் இரண்டுதான்.

நிரந்தர முகவரி என்ற கட்டத்துக்குள்
எங்கள் வீடு நுழையவில்லை.
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், நாலாம் காம்பிரா,
தோட்டத்தின் பெயருக்கு வருமுன் கட்டம் முடிந்தது.
பதில் வந்தாலும் ஆபிசுக்குத்தான் வரும்,
கிளாக்கர் மேசையில் இரண்டு கிழமை தூங்கிவிட்டு.

மாத்தறையில் கிடைத்திருக்கிறது, மீன்வளமும் கடலியலும்.
"மீன் பிடிக்கவா இவ்வளவு படிச்ச?"
என்றார் கிராம சேவகர், முத்திரையைத் தேடிக்கொண்டே.
கடலை நான் பார்த்ததில்லை.
நல்லவேளை, விண்ணப்பத்தில் அதைக் கேட்கவில்லை.
உயர்தரத்தில் செயன்முறைக்கு ஒரு சாளை வெட்டினோம்,
ஹட்டன் சந்தையில் வாங்கியது, கண் கலங்கிப்போனது.
பூவைத் திறந்தேன்.
தண்ணீருக்குள்ளிருந்து காற்றைப் பிரித்தெடுக்கும்
அந்தச் சிவப்புச் சீப்பு.
அன்றைக்கே முடிவெடுத்தேன்.
அதை எழுதவும் கட்டமில்லை.

எங்கள் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
பதினெட்டுக் கிலோ நிறைந்தால் பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
சான்றிதழ், கையெழுத்து, மறுபடி சான்றிதழ் என்று
அம்மா என்னோடு அலைந்த மூன்று நாளில்
மூன்று பேர் போனது.
பட்டியலில் என் பேர் வந்ததற்கு.

தலவாக்கலை நகைக்கடை முதலாளி
ஐயாயிரம் தருகிறேன் என்றார்.
ஞாயிறு போட்டோக்காரர் வருவாராம்,
உறையை இரண்டு கையாலும் வாங்க வேண்டுமாம்.
"கொஞ்சம் பழைய உடுப்பாப் போட்டுட்டு வாம்மா."
அப்போது நான் போட்டிருந்தது
தீபாவளிக்கு எடுத்தது.
போனேன். வாங்கினேன்.
படத்தில் சிரித்தும் இருக்கிறேன்.

மகாபொல வரும், வரும்போது வரும்.
அறைக்கார அம்மா அதுவரை பொறுக்க மாட்டார்,
மூன்று மாதம் முற்பணம்.

மிச்சம் இருந்தது மரண உதவிச் சங்கம்.
அறுபத்திரண்டு குடும்பம், மாதம் நூற்றைம்பது,
பெட்டிக்கும் பந்தலுக்கும் தேயிலைத்தூளுக்கும் சீனிக்கும்.
பொருளாளர் புண்ணியமூர்த்தி கொழுந்து லொறி ஓட்டுபவர்,
கிரீஸ் கையைச் சாரத்தில் துடைத்து
விதிப்புத்தகத்தை விரித்தார்.
உயிரோடு இருப்பவருக்குக் கொடுக்க
விதி இல்லை.

அடைமழை. கோயில் தகரம் அதிர
ஒன்றரை மணி நேரம் சண்டை.
"நாளைக்கே யாராச்சும் செத்தா?"
"மூணு மாசத்துக்கு யாரும் சாகாதீங்க."
பின்வரிசையில் சிரிப்பு.
மூன்றாம் லயத்துச் சின்னமுத்து, நெஞ்சுச்சளிக்காரர்,
இருமி முடித்துவிட்டுச் சொன்னார்:
"நான் பொறுத்துக்கிறேன்."
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இருபத்தேழாயிரம், கடனாக.
எழுதப்போன பொருளாளரின் பேனை நின்றது.
முதல் நிரலின் தலைப்பு: இறந்தவர் பெயர்.
அடிமட்டத்தை வைத்து அந்தச் சொல்லை வெட்டினார்.
போறவர் என்று எழுதத் தொடங்கி
அம்மாவின் முகத்தைப் பார்த்தார்,
அதையும் வெட்டினார்.
போய் வருபவர்
என்று நெருக்கி நெருக்கி எழுதி,
கீழே, சுலோஜினி மாணிக்கராஜா.
முழுப்பேர்.

அறக்கட்டளைப் பதில் இன்னும் இல்லை,
கிளாக்கர் மேசையில் கிடக்கலாம்.

பஸ் ஏழு மணிக்கு. பெரட்டும் ஏழு மணிக்கு.
"வராத, அரைப்பேராக்கிடுவாங்க" என்றேன்.
இடுப்பில் படங்கைக் கட்டியபடி
ரோட்டோரம் நின்றாள்,
பஸ் வந்த பிறகும்,
வளைவில் திரும்பிய பிறகும்.